குடிக்காதவன்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே நான் சுகம். நீ, மாமா, குட்டி எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

வேலை எனக்குப் பிடித்துப் போய்விட்டது. பழைய பஸ்களை உரித்து, தட்டி, பற்றவைத்து, புதுசாக்கி அனுப்புகிற பட்டறை. கடைசியில் பெயிண்ட் அடிப்பது நான். மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் அடிக்கிறேன், ஆனாலும் சாப்பிடுகிற சோற்றில்கூடப் பெயிண்ட் மணக்கிறது.

பட்டறைக்காரர்கள் மூன்று பேரோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறேன். வெல்டிங் செய்பவர் பெயர் மீசை. மீசை கிடையாது. ஒருமுறை நெருப்பு பட்டுப் பொசுங்கியதிலிருந்து மழித்துவிட்டாராம், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தகரம் தட்டுகிறவர் சுத்தி. ஒயரிங் பார்ப்பவர் வக்கீல், இன்று வெள்ளிக்கிழமை என்றால்கூட எதிர்வாதம் செய்வார். நல்ல மனிதர்கள் அக்கா. வந்த வாரமே எனக்குக் காய்ச்சல். மீசை அண்ணன் தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். வக்கீல் ராத்திரியெல்லாம் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. மதியத்திலிருந்து குடிப்பார்கள். உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. நான் தொடுவதில்லை. அப்பாவுக்கு எத்தனை சிநேகிதர்கள், ஒரு சொட்டு தொட்டிருப்பாரா? நானும் அவர் பிள்ளைதான். அம்மாவிடம் இதை அழுத்திச் சொல்.

உன் தம்பி

*

ஜனவரி 29

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கால் பரவாயில்லை. குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரித்தால் கிழவி மாதிரி இருக்கிறாள், அதனால் ஓயாமல் சிரிக்கிறாள்.

என் பாடு வழக்கம்போலத்தான். கண் ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை எழுத்துப் பலகையைக் காட்டி, “கடைசி வரி படிங்க, படிங்க” என்று தொண்டை வறண்டுபோகிறது. கடைசி வரி தெரியாது என்று ஒருத்தரும் ஒப்புக்கொள்வதில்லை. வாய்க்கு வந்ததைப் படிக்கிறார்கள்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காய்ச்சலில் உன்னைக் கவனித்துக்கொண்டவர்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

நீ குடிப்பதில்லை, சரி. அவர்கள் குடிக்கும்போது நீ என்ன செய்கிறாய்? அதை எழுதவில்லையே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், உங்கள் சுகத்துக்குக் குறைவிருக்காது என்று நம்புகிறேன். குட்டியின் பல்லைப் பற்றி மூன்று பேருக்கும் வாசித்துக் காட்டினேன், ஒரே சிரிப்பு.

என்ன செய்கிறேன் என்று கேட்டாய். கூட உட்கார்ந்து பேசுகிறேன், சாப்பிடுகிறேன். கடைசியில் மூன்று பேரையும் மேய்த்துக்கொண்டு அறைக்கு வருகிறேன். எனக்கு இப்போது பெயர் மாமியார். “மாமியார் வந்தாச்சு, கிளம்புங்கடா” என்பார்கள்.

போன சனிக்கிழமை டீக்கடையில் ஒரு சின்னத் தகராறு. சர்க்கரை போதவில்லை என்று வக்கீல் வாதாட, சுத்தி கண்ணாடி டம்ளரைத் தரையில் போட்டு உடைத்துவிட்டார். கடைக்காரர் முகம் கறுத்துவிட்டது. நான்தான் சிரித்துப் பேசிச் சமாளித்தேன். குடிக்காத ஒருவன் கூட இருப்பது எவ்வளவு நல்லது பார். நான் இல்லையென்றால் அன்று கைகலப்பே ஆகியிருக்கும்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

*

மார்ச் 9

தம்பிக்கு,

எல்லாரும் சௌக்கியம். நீயும் அப்படியே என்று நினைக்கிறேன்.

உடைந்த கண்ணாடியை யார் பொறுக்கினார்கள்? கடைக்காரர்தானே?

நீ சிரித்ததால் அவர் சமாதானமானார் என்று எழுதியிருக்கிறாய். வேறு வழியில்லாமல் பேசாமல் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதே. ஒருவர் சொன்னதையே மூன்றாம் தடவை சொல்ல ஆரம்பித்தால் நீ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடு. அவர்களுக்கு அறைக்கு வழி தெரியும்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

அக்கா

*

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமாவுக்கு என் அன்பு. குட்டிக்குப் புதுப்பல் முளைத்துவிட்டதா?

இங்கே வெயில் அதிகம். வேலையும் அதிகம். எழுதுவதற்கு விசேஷமாக ஒன்றும் இல்லை.

அம்மாவின் முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடுக்கவும்.

உன் தம்பி

*

மே 3

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

அரைப் பக்கக் கடிதத்தில் அம்மாவின் முழங்காலை இரண்டு தடவை விசாரித்திருக்கிறாய். மீசை இல்லை, சுத்தி இல்லை, வக்கீல் இல்லை. ஒருவரைப் பற்றியும் ஒரு வரி இல்லை. தெரியாத வரியை வாய்க்கு வந்தபடி படிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். என்னிடமே அதைச் செய்கிறாயா?

என்னடா நடந்தது?

அக்கா

*

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

நடந்தது இதுதான். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, பெரிய பஸ் ஒன்றை முடித்துவிட்ட சந்தோஷத்தில் பட்டறைக்குள்ளேயே, அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்தே குடித்தார்கள். வாட்ச்மேன் வயதானவர், வந்து, “உள்ள வெச்சு வேணாம்பா, எனக்கு வேலை போயிடும்” என்றார். அவரைக் கொஞ்சம் கிண்டல் செய்துவிட்டார்கள். அவருடைய தொப்பியைப் பிடுங்கி விளையாடினார்கள். சல்யூட் அடிக்கச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து அவர் மகள் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து பார்த்துவிட்டாள். எல்லாருக்கும் சங்கடமாகிவிட்டது.

நான் குடிக்கவில்லை. ஓரமாகத்தான் நின்றிருந்தேன். ஆனாலும் கூட இருந்தவன் என்கிற முறையில் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

உன் தம்பி

*

மே 27

தம்பிக்கு,

எல்லாரும் நலம்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ என்ன செய்தாய்? அந்தத் தொப்பி யார் யார் கைக்குப் போனது? உன் முகம் எப்படி இருந்தது?

அக்கா

*

ஜூன் 11

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நலம் விசாரிக்கக்கூட எனக்கு வாய் கூசுகிறது.

தொப்பி என் தலைக்கு வந்தது.

மீசை அண்ணன் அதை வாட்ச்மேன் தலையிலிருந்து எடுத்து எனக்கு மாட்டிவிட்டார். “இனிமே இவர்தான் ஆபீசர். அடிங்க சல்யூட்டு!” என்றார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். தினமும் காலையில் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன். நான் குடிக்காதவன் என்பதும் அவருக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவேன் என்று நினைத்திருப்பார் போல, கையைக்கூட லேசாக நீட்டினார். நான் பல்லைக் காட்டினேன். அவர் கையை மேலே கொண்டுபோய் சல்யூட் அடித்தார்.

நானும் அடித்தேன் அக்கா. காலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, விறைப்பாக அடித்தேன். மூன்று பேரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஒரு நொடி எனக்குப் பிடித்திருந்தது. இதைத்தான் என்னால் எழுத முடியவில்லை.

அப்புறம்தான் கேட் பக்கம் அவர் மகள் நிற்பதைப் பார்த்தேன். உன் வயதிருக்கும். ஒருவரையும் திட்டவில்லை. மற்ற மூன்று பேரையும் தாண்டி நேராக என்னிடம் வந்தாள்.

“அவங்க குடிச்சிருக்காங்க. நீங்க?”

“நான் குடிக்கல” என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

“அப்ப தெரிஞ்சேதான் செஞ்சீங்க.”

என் தலையிலிருந்து தொப்பியை அவளே எடுத்தாள். அதன் உள்பக்கத்தைத் தன் துணியால் துடைத்தாள். துடைத்துவிட்டுத்தான் அப்பாவிடம் கொடுத்தாள்.

அறைக்கு வந்ததும் மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள். மறுநாள் சுத்திக்குப் பாதி ஞாபகம் இல்லை. வக்கீல், “ஒரு விளையாட்டுதானே” என்று வாதாடினார். எனக்கு ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

திட்டியாவது எழுது.

தம்பி

*

ஜூலை 30

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் கிடைத்து வெகுநாள் ஆகிறது. நீ தினமும் தபாலை எதிர்பார்த்திருப்பாய் என்று தெரியும். எழுத உட்காரும்போதெல்லாம் கை வரவில்லை. உன்மேல் வெறுப்பு என்று நினைக்காதே. உன்னை நினைத்தால் அப்பா முகம் வந்துகொண்டேயிருந்தது.

நீ அப்பாவைப் பற்றி எழுதும்போதெல்லாம் நான் பேசாமல் இருந்துவிடுகிறேன், கவனித்திருக்கிறாயா? உனக்கு அவரைக் குடிக்காத மனிதர் என்று தெரியும். அது உண்மைதான். வாராவாரம் சிநேகிதர்கள் நம் முன்னறையில் உட்கார்ந்து குடிப்பார்கள். அப்பா தட்டு எடுத்து வைப்பார், தண்ணீர் ஊற்றுவார், கடைசியில் ஒவ்வொருவரையும் வீட்டில் கொண்டுபோய் விட்டு வருவார். தங்கமான மனுஷன் என்று எல்லாரும் சொல்வார்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, உனக்கு நாலு. ஒரு நாள் சாயங்காலம் அம்மா வந்து அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அம்மாவுக்குத்தான் வாய் திக்குமே. “சா...” என்பதிலேயே நின்றுவிட்டது. அப்பாவின் கம்பெனியில் கணக்கெழுதுகிறவர் ஒருவர் இருந்தார், கணக்கு மாமா என்போம், உனக்குக்கூட மிட்டாய் வாங்கி வருவார். அவர் “சா... சா... சா...” என்று ஆரம்பித்தார். மற்றவர்கள் தட்டில் தாளம் போட்டார்கள். அம்மா அசையாமல் நின்றாள். அந்தச் சொல்லை முடித்துவிட்டால் உள்ளே போய்விடலாம் என்று முயன்றுகொண்டே நின்றாள். அவர்கள் விடவில்லை.

நான் அப்பாவைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பெரிய சிரிப்பு இல்லை. சிநேகிதர்கள் மனம் கோணிவிடக்கூடாதே என்கிற சிரிப்பு.

அன்றிலிருந்து வெளியாள் முன்னால் அம்மா வாய் திறந்ததில்லை. யாராவது வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவாள். நீ அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

குடித்தவர்களை நான் எப்போதோ மறந்துவிட்டேன். அந்தச் சிரிப்பைத்தான் மறக்க முடியவில்லை. அதே சிரிப்பை உன் முகத்தில் வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அதனால்தான் இத்தனை நாள்.

சிநேகிதர்களைக் கைகழுவிவிடு என்று சொல்லமாட்டேன். காய்ச்சலில் கட்டிலை விட்டுக்கொடுத்தவர்களும் அவர்களேதான். ஆனால் கெட்டது நடக்கும்போது எழுந்து வருவது கஷ்டம், அதற்குள் நீயும் அதில் ஓர் ஆள் ஆகிவிடுகிறாய். கொஞ்சம் முன்னாலேயே எழுந்திரு. எல்லாரும் நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்திரு. பைத்தியக்காரன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுகம். மனசைப் பற்றிக் கேட்காதே.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். அப்பாவுக்காக உன்னிடம் வாதாட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். எனக்கும் சேர்த்து வாதாடுவது மாதிரி இருந்தது.

வாட்ச்மேனிடம் போனேன். அவர் மகள் இப்போது வருவதில்லை. காலையிலேயே சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, மதியம் ஆறிப்போனதைச் சாப்பிடுகிறார். நான் கிட்டே போனதும் எழுந்து நின்றுவிட்டார். உட்காருங்கள் என்றாலும் உட்காரவில்லை. “நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிடுங்க” என்றேன்.

“பரவாயில்ல தம்பி. நான் எத்தனையோ பாத்தாச்சு.”

“உங்க மகள்கிட்டயும் வந்து கேக்கணும்.”

“வேணாம்” என்றார் உடனே. “மன்னிப்புக் கேட்டா உங்களுக்குப் பாரம் இறங்கும். அவ உங்க மூஞ்சிய மறுபடி பாக்கணுமே. அத அவ ஏன் செய்யணும்?”

இப்போதும் காலையில் வணக்கம் சொல்கிறேன். அவரும் சொல்கிறார். முன்னைப்போல் முகம் பார்த்துச் சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வக்கீலுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. போன சனிக்கிழமை மதியம் ஓர் ஓட்டல் மாடியில் விருந்து. எல்லாரும் குஷியாக இருந்தார்கள். பரிமாறுகிறவர் கொஞ்சம் வயதானவர், நிதானமாக நடப்பார். அவரைப் பார்த்து வக்கீல், “அண்ணே, உங்க பேரென்ன?” என்று கேட்டார். அவர் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வக்கீல் மறுபடி கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். மூன்றாம் தடவை கேட்டபோது அவர் முகத்தில் சிரிப்பு பாதிதான் வந்தது. நான் எழுந்துவிட்டேன்.

“என்னடா மாமியார், எங்க?”

“நான் கெளம்புறேன்.”

“சாப்பாடே இன்னும் வரல! நாங்க என்னடா பண்ணோம்?”

“ஒண்ணும் பண்ணல. இப்பவே போயிடுறேன்.”

மீசை அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “காய்ச்சல்ல கெடந்தியே, அப்ப இந்த யோக்கியன் எங்கடா போயிருந்தான்?” என்றார். அக்கா, அது எனக்கு எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டது. உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது. “அத மறக்க மாட்டேன் அண்ணே. நாளைக்குக் காலைல உங்களுக்கு நான்தான் டீ வாங்கிட்டு வருவேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். பின்னால் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். தெருவில் ஒரு செருப்புக் கடை முன்னால் வெகுநேரம் செருப்பு பார்ப்பவன் மாதிரி நின்றேன்.

திங்கட்கிழமை அந்த ஓட்டலுக்கே போய் அந்தப் பெரியவரிடம் கேட்டேன். ஒன்றுமே நடக்கவில்லையாம். சாப்பிட்டார்களாம், சுத்தி மேசையிலேயே தூங்கிவிட்டாராம், போகும்போது கைகுலுக்கிவிட்டுப் போனார்களாம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஏதாவது நடந்திருந்தால் நான் செய்தது சரி என்று ஆகியிருக்கும். அந்தப் பெரியவருக்கு ஒன்று நடந்திருக்கலாமே என்று மனதுக்குள் ஆசைப்பட்டிருக்கிறேன் பார். இதையும் உன்னிடம்தான் சொல்ல முடியும்.

மீசை அண்ணன் என்னோடு பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தேன். குடித்தார், டம்ளரைக் கவிழ்த்து வைத்தார், திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த மாதம் வேறு அறை பார்க்கப் போகிறேன்.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உன்னிடமே விட்டுவிடுகிறேன்.

உன் தம்பி

*

அக்டோபர் 5

என் மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அக்கா எழுத்து இல்லையே என்று பதறாதே, அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறோம். நீ இளைத்துப் போயிருப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் கடிதங்களை அக்கா எனக்கு வாசித்துக் காட்டுவாள். மே, ஜூன் மாதங்களில் வந்த இரண்டை மட்டும் வாசிக்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தே விட்டுவிட்டேன். செப்டம்பரில் மறுபடி அதே முகம். இந்தத் தடவை கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவைப் பற்றி உனக்கு எழுதியதையும் சொன்னாள்.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு உன் அப்பா சமையலறைக்கு வந்தார். “அவங்க குடிச்சிருந்தாங்க, மனசுல வெச்சுக்காத” என்றார். தன்னைப் பற்றியும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அன்று சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வார் என்று நினைத்தேன். அப்படியே வருஷங்கள் போய்விட்டன, அவரும் போய்விட்டார். நல்ல மனிதர்தான். அந்த ஒன்றைச் சொல்ல அவருக்கு வரவில்லை. திக்கியது எனக்கா அவருக்கா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

நீ சொல்லிவிட்டாய். அதனால் நீ செய்தது இல்லையென்று ஆகிவிடாது. அந்தப் பெண் துடைத்த தொப்பியை நீ மறக்காதே. ஆனால் சொன்னாய், எழுந்தும் வந்தாய். நீ வந்த பிறகு அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று வருத்தப்பட்டாயாம். போடா பைத்தியமே. அந்தப் பெரியவர் அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போனாரே.

இன்னொரு சேதி. போன வாரம் கணக்கு மாமா நம் வீட்டுக்கு வந்தார். ரொம்பத் தளர்ந்துவிட்டார், கையில் தடி. பேரனுக்குக் கண் காட்ட அக்காவின் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட வேண்டுமாம். அக்கா என்னைப் பார்த்து, “நீ உள்ள போம்மா, நான் பாத்துக்கறேன்” என்றாள். நான் போகவில்லை. நானே போய்க் கதவைத் திறந்தேன்.

உள்ளே வாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். “உ...” என்று நின்றுவிட்டது. அவர் அவசரமாக, “பரவாயில்லம்மா, நானே வரேன்” என்று காலை எடுத்து வைத்தார். நான் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. குறுக்கே நின்றேன். எனக்கு நேரமாகும் என்று உனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். காலைக் கீழே வைப்பதா எடுப்பதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். நிலத்தைப் பார்த்தார், தடியைப் பார்த்தார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நான் அவசரப்படவில்லை.

முழுசாகச் சொல்லி முடித்தேன். அப்புறம்தான் கையை எடுத்தேன், அவர் உள்ளே வந்தார்.

அம்மா